பழைய நகைச்சுவை இதழ்கள்: கார்ட்டூனை வெட்டி வாங்காதீர்கள், இதழாக வாங்குங்கள்

கேள்வி இதுதான்: "இங்கிலாந்தின் பஞ்ச், அமெரிக்காவின் பக், மேட் போன்ற பழைய நகைச்சுவை இதழ்களையும் அவற்றில் வந்த கார்ட்டூன்களையும் சேர்க்க ஆசை. தனி இதழ்களாக வாங்குவதா, பைண்டு செய்த தொகுதிகளாக வாங்குவதா, சட்டம் போட்டு விற்கும் ஒற்றைப் பக்கங்களாக வாங்குவதா? அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கியதை எப்படிக் காப்பது?"

முடிந்தவரை முழு இதழாக வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் பைண்டு தொகுதி. வெட்டிய ஒற்றைப் பக்கம் கடைசி வழி. அதையும் தேதி தெரிந்தால் மட்டுமே வாங்குங்கள். காரணத்தைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

கார்ட்டூன் என்பது ஒரு வாரத்தின் சரக்கு. ஜான் டெனியல் பஞ்சில் வரைந்த புகழ்பெற்ற படம் ஒன்றில், ஜெர்மனியின் பிரதமராக இருந்த வயதான பிஸ்மார்க் கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போகிறார், அந்நாட்டின் இளம் பேரரசர் கைசர் இரண்டாம் வில்லியம் மேல்தளத்தில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறார். பிஸ்மார்க் பதவி விலகியது 1890 மார்ச் 18. இதழின் தேதி மார்ச் 29. இந்த இடைவெளி தெரிந்தால்தான் செய்தியின் சூடு ஆறுவதற்குள் அந்தப் படம் எப்படி உருவானது என்பது விளங்கும். அதே இதழில் பக்கத்துப் பக்கங்களில் எதைக் கேலி செய்தார்கள், எந்தச் சோப்புக்கு விளம்பரம் வந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் படத்துக்கு அர்த்தம் தருகிறது. வெட்டி எடுத்துச் சட்டத்தில் மாட்டியதும் தேதி போய்விடுகிறது, பின்பக்கம் போய்விடுகிறது, பெரும்பாலும் விளிம்பும் கத்தரிக்கப்பட்டிருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். ஒற்றைப் பக்கம் வாங்க ஆளிருக்கும் வரை முழுத் தொகுதிகளைப் பிரித்துக் கூறுபோடும் வியாபாரமும் இருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒன்றாக இருந்த தொகுதியை ஒரு மாலைப்பொழுதில் முப்பது சட்டங்களாக்கி விடுகிறார்கள். அதற்கு நம் பணம் போகக் கூடாது.

முதலில் எதைச் சேர்ப்பது என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சின் முதல் இதழ் 1841 ஜூலை 17இல் வந்தது, 1992 வரை ஓடியது. வார இதழ், அரையாண்டுக்கு ஒரு தொகுதி. அதாவது ஏறத்தாழ 300 தொகுதிகள், 7,800 இதழ்கள். 1996இல் மறுபிறவி எடுத்து 2002இல் நின்றது தனி. முழு வரிசை என்று கிளம்பினால் வீட்டில் நடக்க இடம் இருக்காது. மேட் இதழின் பழைய எண்வரிசை 550உடன் முடிகிறது, அதை முழுமையாகச் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம். பிரான்சின் லாசியெத் ஓ பேர் 1901 முதல் 1912 வரை வார இதழாக வந்தது. பல இதழ்கள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓவியர் கையில், ஒரே பொருளில் அமைந்தவை என்பதால் அதை ஓவியர்வாரியாகச் சேர்ப்பது பொருத்தம். ஒரு கார்ட்டூனிஸ்ட், ஒரு போர், ஒரு தேர்தல், ஒரு பத்தாண்டு, எல்லா இதழ்களின் முதல் எண் என்று ஏதாவது ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கயிறு இல்லாத சேகரிப்பு இரண்டே ஆண்டில் பெட்டிகளின் குவியலாகிவிடும்.

பைண்டு தொகுதி வாங்கும்போது என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் பைண்டு செய்யும்போது வாராந்திர மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழற்றி எறிவதுதான் வழக்கம். ரிச்சர்ட் டாயில் வரைந்த பஞ்சின் மேலட்டை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் வாராவாரம் வந்தது. ஆனாலும் தொகுதிகளில் அதைக் காண்பது அரிது. மேலட்டைகளும் விளம்பரங்களும் கடைசியில் சேர்த்துத் தைக்கப்பட்ட தொகுதி கண்ணில் பட்டால் விடாதீர்கள். அடுத்த இழப்பு விளிம்பு. பைண்டர் மூன்று பக்கமும் கத்தரித்திருப்பார். சில நேரம் படத்தின் அடியிலுள்ள வசனத்தின் கடைசி வரியே போயிருக்கும். மூன்றாவது, உள்விளிம்பு. இறுக்கமாகத் தைத்திருந்தால் இரட்டைப் பக்கப் படத்தின் நடுப்பகுதி தைப்புக்குள் புதைந்துவிடும். வாங்குவதற்கு முன் இரட்டைப் பக்கப் படம் ஒன்றையாவது திறந்து பாருங்கள், தொலைவிலிருந்து வாங்கினால் அந்தப் பக்கத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். பஞ்சின் தொடக்கத் தொகுதிகள் பிற்காலத்தில் மறுபடியும் அச்சிடப்பட்டு விற்கப்பட்டன. ஆகவே "1841" என்று உள்ளே இருப்பதாலேயே தாள் 1841ஐச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைப்புப் பக்கத்தையும் அச்சகக் குறிப்பையும் பார்க்க வேண்டும்.

முழுமையைச் சரிபார்க்க எளிய வழி, பக்க எண். பஞ்ச் போன்ற இதழ்களில் பக்க எண் இதழுக்கு இதழ் ஒன்றிலிருந்து தொடங்காது, தொகுதி முழுக்கத் தொடர்ந்து ஓடும். எண்ணிக்கொண்டே போனால் எங்கே தாண்டுகிறதோ அங்கே பக்கம் காணாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் அது பெரிய அரசியல் கார்ட்டூனாகத்தான் இருக்கும், ஏனென்றால் சட்டம் போட விற்பனையாவது அதுதான். கூடுதலாக வந்த ஆண்டுமலர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் தொகுதி முகவுரை, பொருளடக்கம் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். தொகுதியின் பொருளடக்கம் இருந்தால் கார்ட்டூன் தேடுவது பாதி வேலையாகிவிடும்.

பக் இதழில் சோதனை வேறு மாதிரி. ஜோசப் கெப்ளர் 1876இல் ஜெர்மன் மொழியிலும் 1877 மார்ச்சில் ஆங்கிலத்திலும் தொடங்கிய இந்த இதழின் உயிர் அதன் வண்ணக் கல்லச்சுப் படங்கள், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டவை. முன்னட்டை, பின்னட்டை, நடுவில் இரண்டு பக்கத்துக்கு விரியும் பெரிய படம். இதழ் பெரும்பாலும் 16 பக்கம். நடுத்தாளை உருவி எடுத்தாலும் இதழ் பார்வைக்கு முழுசாகவே தெரியும், எண்ணினால்தான் தெரியும். அதிலிருந்து பிரிந்த ஜேம்ஸ் வேல்ஸ் 1881இல் தொடங்கிய ஜட்ஜ் இதழுக்கும் இதே சோதனை. நடுப்படத்தின் மடிப்புக் கோட்டில் தாள் பிளந்திருக்கிறதா, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் காட்டுகிறவரிடம் பின்பக்கத்தைக் கேட்பது தவறே இல்லை.

அச்சு முறையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் ஏமாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும்.

1840 முதல் 1890 வரையிலான பஞ்ச் படங்கள் மரச்செதுக்கு அச்சு. பாக்ஸ்வுட் என்னும் கெட்டி மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். அந்த மரம் குறுகலானது. ஆகவே பெரிய படத்துக்குப் பல துண்டுகளைத் திருகாணியால் சேர்த்துக் கட்டுவார்கள். ஆளுக்கொரு துண்டாகப் பல பேர் ஒரே நேரத்தில் செதுக்கவும் இது உதவியது. அந்த இணைப்பு சரியாகப் பொருந்தாத இடத்தில் படத்தின் குறுக்கே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடும். புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கீறல் என்று நினைத்து விலை குறைக்கக் கேட்பார்கள். உண்மையில் அது அசல் அச்சுக்கான அடையாளங்களில் ஒன்று. மரச்செதுக்கில் கோடுகள் கெட்டிக் கறுப்பாக இருக்கும், சாம்பல் நிறம் என்று தனியே இராது. நெருக்கமான கோடுகளே சாம்பலாகத் தெரியும். தாளின் பின்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அழுத்தத்தின் தடம் லேசாகத் தெரியலாம்.

கல்லச்சில் அழுத்தத் தடம் இராது. மெழுகுக் கிரேயானால் கல்லில் வரைந்த சொரசொரப்பு அப்படியே வந்திருக்கும். ஒழுங்கற்ற மணல் போன்ற துகள்கள். பிரான்சின் ல ஷாரிவாரி இதழில் ஓவியர் தொமியே வரைந்தவை இப்படிப்பட்டவை. பக்கின் வண்ணப் படங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். புள்ளிகள் கையால் வைத்தவை, ஆகவே பெரிதும் சிறிதுமாக, வரிசையில்லாமல் இருக்கும். ஒரு நிறம் இன்னொன்றின் மீது சற்று விலகி விழுந்திருப்பதும் சகஜம். 1880களுக்குப் பின் பரவிய, படத்தைப் புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் புள்ளிகள் கட்டம் போட்ட மாதிரி சீரான இடைவெளியில் நிற்கும், அளவு மட்டும் மாறும். நான்கு நிற ஆஃப்செட் மறுபதிப்பில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சேர்ந்து சின்னச் சின்னப் பூப்போல வட்டமிடும். 1885 தேதியிட்ட பக் அட்டையில் இந்தப் பூ தெரிந்தால் மேலே பேச வேண்டியதே இல்லை, அது மறுபதிப்பு. வீட்டு இங்க்ஜெட் அச்சில் மிக நுண்ணிய நிறத்தூள் தெளித்தது போல இருக்கும், வெள்ளைத் தாள்வெளிக்கும் கோட்டுக்கும் நடுவே கூர்மையான எல்லை இராது.

புற ஊதா கைவிளக்கு இரண்டாவது கருவி. சுமார் 1950க்குப் பின்தான் தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிரும் வேதிப்பொருளைப் பரவலாகச் சேர்த்தார்கள். இருட்டில் விளக்கைக் காட்டும்போது "1890 தாள்" நீலவெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தால் அது பிற்காலத்துத் தாள். எரியவில்லை என்பதால் மட்டும் அசல் என்று முடிவுகட்ட முடியாது. பழைய வெற்றுத் தாளில் புதிதாக அச்சிடவும் கூடும்.

தொமியே படங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சார்ல் ஃபிலிப்போன் 1832 டிசம்பர் 1இல் தொடங்கிய ஷாரிவாரி ஒரு நாளிதழ். அதில் வந்த படத்தின் பின்பக்கம் செய்தி எழுத்துகள் அச்சாகியிருக்கும், அவை முன்பக்கம் லேசாக ஊடுருவித் தெரியும். அதே கல்லிலிருந்து நல்ல வெள்ளைத் தாளில், பின்பக்கம் வெறுமையாக, சேகரிப்பாளர்களுக்காகத் தனியே எடுத்த பிரதிகளும் உண்டு. விற்பனைப் பட்டியல்களில் இவற்றை "வெள்ளைத் தாள்" பிரதி என்பார்கள், விலையும் கூடும். அச்சின் தரம் வேண்டுமென்றால் வெள்ளைத் தாள். அன்றைய வாசகன் கையில் எப்படி இருந்ததோ அப்படியே வேண்டுமென்றால் பின்னால் எழுத்துள்ள செய்தித்தாள் பிரதி. என் ஓட்டு இரண்டாவதற்கு. அந்த எழுத்துகள்தான் அது இதழில் வந்தது என்பதற்கான அத்தாட்சி, குறைபாடு என்று ஒதுக்க வேண்டாம்.

கறுப்பு வெள்ளை மரச்செதுக்குப் படங்களுக்குப் பின்னாளில் வாட்டர்கலர் பூசி விற்பதும் நெடுநாள் வழக்கம். கண்ணாடியால் பார்க்கும்போது வண்ணம் பழுப்புப் புள்ளிகளின் மேலாகப் படிந்திருந்தால் தாள் பழசான பிறகு பூசியது என்று பொருள். அழகுக்காக வாங்குவதில் தவறில்லை, ஆனால் "அந்தக் கால வண்ணம்" என்று விலை கொடுக்காதீர்கள்.

கையெழுத்து விஷயத்தில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம்: பஞ்ச் படத்தின் மூலையில் "ஸ்வெய்ன்" என்று இருந்தால் அது ஓவியர் பெயரன்று. ஜோசப் ஸ்வெய்ன் மரத்தில் செதுக்கியவர், அவர் பட்டறையின் முத்திரை அது. டெனியல் தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பின்னி முத்திரையாகப் போடுவார். ஜான் லீச் புட்டிக்குள் இருக்கும் அட்டைப்பூச்சியைச் சின்னமாக வரைவார், அவர் பெயருக்கு அதுதான் பொருள். டாயில் ஒரு சின்னப் பறவையைப் போடுவார். தொமியேவுக்கு எச், டி என்ற எழுத்துகள். விற்பவர் "ஸ்வெய்ன் வரைந்த படம்" என்று எழுதியிருந்தால் அவருக்கே சரக்கு தெரியவில்லை என்று அர்த்தம். பொறுமையாகத் தேடினால் அவரிடம் டெனியல் படம் சாதாரணப் பட விலைக்கே கிடைக்கும்.

மேட் வேறு உலகம். 1952 அக்டோபர்-நவம்பர் தேதியிட்ட முதல் இதழ் முதல் 23ஆம் இதழ் வரை வண்ணப் படக்கதை இதழ். ஹார்வி குர்ட்ஸ்மன் ஆசிரியர், வில்லியம் கெய்ன்ஸ் வெளியீட்டாளர். 1955 ஜூலை தேதியிட்ட 24ஆம் இதழிலிருந்து பெரிய அளவு, உள்ளே கறுப்பு வெள்ளை. இரண்டுக்கும் உறை அளவே வேறு, வாங்கும்போது கவனியுங்கள். 1964 ஏப்ரலில் வந்த 86ஆம் இதழ் முதல் ஆல் ஜாஃபி வரைந்த மடிப்புப் படம் வரத் தொடங்கியது. பக்கத்தை இரண்டு இடத்தில் மடித்தால் வேறொரு படம் தெரியும். படித்தவர்கள் மடிக்காமல் விட்டிருப்பார்களா? மடிக்காத பிரதி கிடைப்பது கடினம், விலை வித்தியாசமும் அதற்காகத்தான். சாதாரணப் புகைப்படத்தில் மடிப்புக் கோடு தெரியாது, வெளிச்சத்தைச் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் மடித்துப் பார்க்க வேண்டாம், ஸ்கேன் எடுத்து அச்சிட்டு அதை மடியுங்கள். மேட் ஆண்டுமலர்களிலும் சிறப்பிதழ்களிலும் ஸ்டிக்கர், சுவரொட்டி, மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு என்று இணைப்புகள் வரும். இணைப்பு இல்லையென்றால் அது குறையுள்ள பிரதி. 1970களின் சிறப்பிதழ்களில் 1950களின் படக்கதைகளை மறுபதிப்பாகக் கொண்ட இணைப்புகளும் வந்தன. அவற்றைத் தனியே கழற்றி ஐம்பதுகளின் அசல் என்று விற்பவர்கள் உண்டு, அட்டையிலுள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். லைஃப் என்றதும் எல்லோருக்கும் புகைப்பட இதழ்தான் நினைவுக்கு வரும். 1883 முதல் 1936 வரை அதே பெயரில் வந்தது நகைச்சுவை இதழ், ஓவியர் சார்லஸ் டானா கிப்சன் வரைந்த புகழ்பெற்ற பெண்கள் உலா வந்தது அதில்தான். டைம் இதழின் வெளியீட்டாளர் ஹென்ரி லூஸ் அந்தப் பெயருக்காகவே அதை வாங்கி, 1936 நவம்பரில் புகைப்பட இதழைத் தொடங்கினார். தேடும்போது ஆண்டைச் சேர்த்துத் தேடுங்கள். நியூயார்க்கர் இதழுக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டிலிருந்த படைவீரர்களுக்காக விளம்பரமில்லாத சிறிய அளவுப் பதிப்பு வந்தது. அதைக் குறைப்பிரதி என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது தனி வகை.

நிலையைச் சொல்லும் வார்த்தைகளில் ஒரு எச்சரிக்கை போதும்: பழைய புத்தக வியாபாரத்தில் "நல்ல நிலை" என்றால் நன்றாகத் தேய்ந்தது என்று பொருள். ஆகவே வார்த்தையை நம்பாமல் பட்டியலாகக் கேளுங்கள். முதுகு பிளந்திருக்கிறதா, தாள்களைச் சேர்க்கும் கம்பிப் பின் துருப்பிடித்திருக்கிறதா, அஞ்சலில் அனுப்ப நடுவில் மடித்த தடம் உண்டா, முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கிறதா, நூலக முத்திரை உண்டா, ஏதாவது வெட்டப்பட்டிருக்கிறதா, என்ன வாசனை வருகிறது? கடைசிக் கேள்வி விளையாட்டில்லை. பூஞ்சை வாசனை வருகிற ஒரு இதழ் பெட்டி முழுவதையும் கெடுக்கும்.

இனி காப்பது. 1840களின் பஞ்ச், 1930களின் மலிவு இதழைவிட வெள்ளையாக இருப்பதைப் பார்த்து வியப்பு வரும். காரணம் தாள். பழையது கந்தல் துணிக்கூழ். 1870களுக்குப் பின் பெருகியது அரைத்த மரக்கூழ். மரக்கூழில் மரநாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது, வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுக்கிறது. மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் குங்கிலியமும் அமிலத்தை உண்டாக்கி நார்களை ஒடிக்கின்றன. இதை நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியும். வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம் என்பது குறிக்கோள். அதை எட்ட முடியாவிட்டாலும் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஈரப்பதம் 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வரும். மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள பரணும், தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டும், வெளிச்சுவரைத் தொட்டு நிற்கும் அலமாரியும் வேண்டாம்.

உறைக்கு பாலியெஸ்டர் படலம் சிறந்தது, பாலிபுரொப்பிலீன் பரவாயில்லை. பிவிசி கூடவே கூடாது. அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து மையை உறையோடு ஒட்டவைக்கும். ஒவ்வொரு இதழுக்கும் பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று வையுங்கள், கால்சியம் கார்பனேட் சேர்த்த வகையாக இருந்தால் மேலும் நல்லது. சாதாரணப் பெட்டி அட்டையை வைத்தால் அதன் அமிலமே தாளுக்கு இறங்கி, அட்டை பட்ட இடமெல்லாம் செவ்வகமாகப் பழுக்கும். மேட் அளவு இதழ்களைப் பெட்டியில் நிற்கவைக்கலாம், பெட்டி நிறைய இருக்க வேண்டும், சாயக் கூடாது. பக், ஜட்ஜ், ஜெர்மனியின் சிம்ப்ளிசிஸிமஸ் போன்ற பெரிய இதழ்களைப் படுக்கவைத்து, அடுக்கின் உயரம் 20 சென்டிமீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்புள்ள முதுகுப் பக்கம் தடித்திருக்கும். பத்து இதழுக்கு ஒருமுறை முதுகின் திசையை மாற்றி வைத்தால் அடுக்கு சாயாது, விளிம்பும் வளையாது.

துருப்பிடித்த பின்னைக் கழற்ற வேண்டுமானால் நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரண்டு கால்களையும் மெல்லிய தட்டைக் கரண்டியால் நேராக்குங்கள். பிறகு முதுகுப் பக்கமிருந்து அதே கரண்டியைப் பின்னுக்கும் தாளுக்கும் நடுவே செலுத்தி மெல்லத் தூக்குங்கள். இடுக்கியால் இழுத்தால் துரு தாளைப் பிய்த்துக்கொண்டே வரும். ஒட்டியிருக்கும் துருத்தூளை மென்தூரிகையால் தட்டிவிட்டு, அதே துளைகள் வழியாக லினன் நூலால் தளர்வாகத் தைத்துவிடுங்கள். புதுத் துளை போடாதீர்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும், பிறகு டேப் உதிர்ந்தாலும் கறை நிற்கும். ஜப்பானிய மென்தாளைக் கையால் கிழித்து, நார் நீட்டிய விளிம்போடு, கோதுமை மாச்சத்துப் பசையால் பின்பக்கம் ஒட்டி, உறிஞ்சுதாளுக்கு நடுவே பாரம் வைத்து உலரவிடுங்கள். பசை நீர்த்துவிட்டால் தாள் அலைபாயும், கெட்டியாகவே இருக்கட்டும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் டேப்பை உரிக்க முயலாதீர்கள். மதிப்புள்ள இதழானால் தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள், மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள். பழுப்புப் புள்ளிகளை வெளுக்கவைக்கும் வீட்டு வைத்தியங்களும் இதே ரகம்தான், புள்ளியோடு தாளும் போகும்.

இராமபாணப் பூச்சி அரித்த தடம் தெரிந்தால் இதழைப் பாலித்தீன் பையிலிட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த தாளின் மேல் நீர் கோத்துவிடும். தண்ணீர் பட்ட இதழிலும் இதே உறைநிலைதான் நேரம் வாங்கித் தரும். பளபளப்புத் தாளானால் சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே தாள் செருகிப் பிரித்துவிட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தபின் அதைப் பிரிக்க வழியே இல்லை. உடனே செய்ய முடியாவிட்டால் ஈரத்தோடே உறையவைத்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

புரட்டும்போது கையுறை வேண்டாம். விரலின் உணர்வு போய் ஒடியும் தாளைக் கிழித்துவிடுவோம். கழுவித் துடைத்த வெறும் கையே போதும்.

ஸ்கேன் எடுப்பதில் கோட்டோவியத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள், எழுத்துப் பக்கங்களுக்கு 300 போதும். பின்பக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிகிறதா? தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள், பாதிக்கு மேல் மறைந்துவிடும். ஹாஃப்டோன் படங்களில் அலையலையாகக் கோடுகள் தோன்றினால், 600இல் எடுத்துப் பிறகு அளவைக் குறையுங்கள். பைண்டு தொகுதியை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்குவது முதுகை உடைப்பதற்குச் சமம். மேலே கேமராவை நிறுத்தி, தொகுதியைப் பாதி திறந்த நிலையில் தாங்கிவைத்துப் படமெடுங்கள். மூலப்படம் டிஃப் (TIFF) கோப்பு வடிவில் திருத்தமில்லாமல் இருக்கட்டும், வெளுப்பாக்குவதெல்லாம் நகலில். தாள் உங்களுடையது என்பதால் படத்தை மறுபதிப்புச் செய்யும் உரிமையும் உங்களுடையது என்று ஆகாது. ஓவியர் இறந்து எத்தனை ஆண்டு என்பதை உங்கள் நாட்டுச் சட்டப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டில் இதழ் பெயர், தொகுதி, எண், தேதி, பக்கம், ஓவியர், செதுக்கியவர், படத்தின் அடிவசனம், படத்திலிருப்பவர்கள், எந்த நிகழ்ச்சியைப் பற்றியது, அச்சு முறை, குறைகள், வாங்கிய நாள், விலை ஆகியவை இருக்கட்டும். அடிவசனத்தை முழுமையாக எழுதுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தேடும்போது நினைவில் நிற்பது அந்த வசனத்தின் ஒரு சொல்லாகத்தான் இருக்கும். நிகழ்ச்சியை வாங்கிய வாரமே எழுதிவிடுங்கள். கேலிக்குள்ளான அமைச்சர் யாரென்று அந்த இதழின் மற்றப் பக்கங்களைப் படிக்கும்போது தெரியும், தனியாகப் படத்தைப் பார்த்தால் தெரியாது.

சிலர் இதழைத் தாண்டி மூல ஓவியத்துக்கும் போவார்கள். அங்கே ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். பஞ்சின் தொடக்கக் காலத்தில் இறுதிப் படத்தை நேரே மரக்கட்டையின் மேல் வரைந்தார்கள், செதுக்கும்போது அந்தக் கோடுகளோடு ஓவியம் அழிந்தது. ஆகவே 1840களின் லீச் படத்துக்குத் தாளில் "இறுதி மூல ஓவியம்" என்று யாராவது காட்டினால், அது முன்வரைவாக இருக்கலாம், பின்னாளில் பார்த்து வரைந்ததாகவும் இருக்கலாம். படத்தைப் புகைப்பட முறையில் மரத்துக்கு மாற்றும் பழக்கம் 1860களில் தொடங்கிய பிறகுதான் தாள் ஓவியங்கள் தப்பிப் பிழைத்தன. 20ஆம் நூற்றாண்டு மூல ஓவியம் பெரும்பாலும் அச்சான அளவைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிது. அடியில் பென்சில் கோடு, வெள்ளைப் பூச்சால் திருத்திய இடம், ஓரத்தில் அச்சகத்துக்கான அளவுக் குறிப்பு, ஒட்டிய எழுத்துத் துண்டு ஆகியவற்றில் சிலவாவது இருக்கும். இவை எதுவுமே இல்லாமல், அளவும் இதழின் பக்கத்தோடு ஒத்துப்போனால் அதை அச்சுப் பிரதி என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வாங்கியபின் பென்சில், கரி ஓவியங்களைப் பாலியெஸ்டர் உறையில் போடாதீர்கள். அந்தப் படலத்தின் நிலைமின்னேற்றம் துகள்களைத் தாளிலிருந்து பிரித்துத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். அவற்றுக்கு அமிலமற்ற தாள் மடிப்புதான் சரி.